தாய் சேய் அட்டை, அங்கன்வாடி தராசு, போன் செயலி: பிள்ளையின் எடையைப் பார்க்க எது உதவியது?

பிள்ளை சரியாக வளர்கிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் நான்கு வழிகள் இருந்தன. பிரசவத்துக்கு முன்பே கைக்கு வந்துவிடும் தாய் சேய் நல அட்டை, பக்கத்து அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை எடை போடுவது, ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் பேபி தராசு, அப்புறம் போனில் ஒரு செயலி. என் மகளுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு வாங்காத முதல் இரண்டும்தான் எனக்குத் தெளிவு கொடுத்தன, காசு கொடுத்து வாங்கிய தராசு அளவோடு பயன்படுத்தினால் நல்லது, செயலியை மட்டும் நம்பி உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எடையைப் பற்றியே கேட்டுக் கேட்டு மனசு நொந்து போயிருக்கிற அம்மாக்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தக்கலை பக்கம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிறந்தபோது 2.8 கிலோ. செயலியைப் போனில் ஏற்றியது அவர்தான். கடல் கடந்து இருக்கிற மனுஷனுக்குப் பிள்ளை வளர்வதைப் பார்க்க வேறு என்ன வழி இருக்கிறது, நான் எடையைச் சொல்வேன், அவர் அங்கே பதிவு செய்வார். மூன்று மாதம் முடிந்து 5.1 கிலோ என்று போட்டதும் செயலி 15வது பெர்சன்டைல் என்று காட்டியது. அன்று ராத்திரியே வீடியோ கால். "நூத்துக்குப் பதினஞ்சுதானா? நீ ஒழுங்கா சாப்பிடுதியா இல்லியா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணைப் பார்த்தால் பள்ளிக்கூட மார்க்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும், 35-க்குக் கீழே போனால் பெயில் என்றுதான் மனசு கணக்குப் போடும்.

ஆனால் இது மார்க் கிடையாது. ஒரே வயதுள்ள, நல்ல ஆரோக்கியமான 100 பெண் பிள்ளைகளை எடை குறைந்தவளிலிருந்து எடை கூடியவள் வரை வரிசையாக நிற்க வைத்தால் உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்பாள் என்பதுதான் பெர்சன்டைல். 15 என்றால் சுமார் 15 பேர் அவளைவிட எடை குறைவு, 85 பேர் அவளைவிடக் கூடுதல், அவ்வளவுதான். அந்த வரிசையில் நிற்கிற எல்லோருமே நன்றாக இருக்கிற பிள்ளைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. யாராவது 15வது இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும், யாராவது 5வது இடத்திலும் நிற்கத்தான் செய்வார்கள். 50 என்பது எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை, வரிசையின் நடு. 90-ல் இருக்கிற பிள்ளை 15-ல் இருக்கிற பிள்ளையைவிட ஆரோக்கியமானது என்றும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் போன் பேச்சு எடையிலிருந்து பிள்ளையின் சிரிப்புக்கு மாறியது.

அந்த 100 பிள்ளைகள் யார் என்று கணவர் கேட்டார், நியாயமான கேள்வி. "வெள்ளைக்காரப் பிள்ளைகளோட நம்ம பிள்ளையை ஒப்பிட்டா எப்படி?" என்று என் மாமியாரும் கேட்டார்கள். இப்போது நாம் பயன்படுத்துகிற வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. அதற்காக 1997-லிருந்து 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்திருக்கிறார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவில் தெற்கு டெல்லி. ஓமனில் சாட்சாத் மஸ்கட்டேதான், இதைச் சொன்னதும் கணவருக்கு அந்த வரைபடத்தின் மேல் ஒரு நெருக்கமே வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த பிள்ளைகள் எல்லாம் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள், புகை பிடிக்காத அம்மாக்களின் பிள்ளைகள், சாப்பாட்டுக்கும் சுகாதாரத்துக்கும் குறை இல்லாத வீடுகள். இதில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. பிள்ளைகளின் நீளத்தில் இருந்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்று வந்தது 3 சதவீதம் அளவுக்குத்தான், மீதியில் பெரும்பங்கு ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வேறுபாடு. அப்படியானால் "நம்ம ஊர்ப் பிள்ளைகள் சின்னதாத்தான் இருக்கும்" என்று ஊருக்கே சேர்த்துச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அதே நேரத்தில் உங்கள் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

சரி, அட்டைக்கு வருவோம். அட்டை என்று சொன்னாலும் அது ஒரு சின்னப் புத்தகம். கர்ப்பம் பதிவு செய்யும்போது சுகாதார நர்ஸ் எழுதிக் கொடுப்பது. நம் ஊரில் பெரும்பாலானோர் இதை ஊசி அட்டை என்றுதான் சொல்கிறார்கள், ஊசி போடுகிற அன்றைக்கு எடுத்துக்கொண்டு போய், தேதி எழுதி வாங்கி, திரும்ப பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். உள்ளே வளர்ச்சி வரைபடம் இருக்கிற பக்கத்தை விரித்தே பார்க்காத அம்மாக்களை எனக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு ரோஸ், ஆண் பிள்ளைக்கு நீலம். கீழே மாதங்கள், பக்கவாட்டில் கிலோ. நடுவில் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. பச்சையில் இருந்தால் வயதுக்கு ஏற்ற எடை, மஞ்சள் என்றால் எடை குறைவு, ஆரஞ்சு என்றால் மிகவும் குறைவு.

இந்த நிறப் பட்டைகளுக்கும் செயலி காட்டுகிற பெர்சன்டைலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. இரண்டும் ஒரே உலக சுகாதார நிறுவனக் கணக்குதான். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே இருக்கிற கோடு ஏறக்குறைய 2வது பெர்சன்டைல் இருக்கிற இடம். அதாவது ஆரோக்கியமான 100 பிள்ளைகளில் 97, 98 பேர் பச்சைக்குள் வந்துவிடுவார்கள். ஆறு மாதம் முடிந்த பெண் பிள்ளைக்கு நடு எடை 7.3 கிலோ, 3வது பெர்சன்டைல் 5.8, 97வது 9.2. ஆக 5.8 கிலோ பிள்ளையும் 9.2 கிலோ பிள்ளையும் ஒரே பச்சைக்குள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ வித்தியாசம்! ஆண் பிள்ளைக்கு அதே ஆறு மாதத்தில் நடு எடை 7.9, அதனால் அண்ணன் மகனோடு தங்கை மகளை ஒப்பிடுவதும் தப்பு. கல்யாண வீட்டில் யாராவது உங்கள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுங்கள், நான் காட்டியிருக்கிறேன்.

அட்டையில் எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். கட்டங்கள் ரொம்பச் சிறியவை, முதல் சில மாதங்களில் புள்ளி வைப்பதற்கே கூர்மையான பேனா வேண்டும், கை கொஞ்சம் நடுங்கினால் கால் கிலோ கூடிவிடும். பச்சைப் பட்டை அகலமாக இருப்பதால் அதற்குள்ளேயே ஒரு பிள்ளை மெல்லக் கீழே இறங்கினாலும் பச்சைதானே என்று கண்ணுக்குத் தப்பிப் போக வாய்ப்பு இருக்கிறது, இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்புறம் தாள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, சுவரெல்லாம் ஈரம், பீரோவுக்குள் வைத்தாலும் அட்டை பூஞ்சை பிடிக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள், ஒவ்வொரு மாதமும் புள்ளி வைத்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

எங்கள் பகுதி அங்கன்வாடியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மாதத்தில் ஒரு நாள் காலையில் எடை போடுவார்கள். முன்பெல்லாம் உத்தரத்தில் தொங்கும் சுருள்வில் தராசில் துணித்தொட்டில் மாட்டிப் பிள்ளையை உட்கார வைப்பார்கள் என்று என் அம்மா சொல்வார்கள், இப்போது தட்டு வைத்த டிஜிட்டல் மிஷின் இருக்கிறது. டீச்சர் முதலில் செய்வது வெறும் தட்டில் ஒரு துணியை விரித்து எண் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது. பிள்ளையின் உடுப்பு, டயப்பர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். நனைந்த டயப்பர் ஒன்றே 100, 200 கிராம் வரும், பிள்ளை ஒரு மாதம் முழுக்கச் சாப்பிட்டு ஏற்றிய எடையில் பாதியை ஒரு டயப்பர் காட்டிவிடும். பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கான இருபத்தெட்டு கெட்டுக்குப் போட்ட வெள்ளி அரைஞாண், தண்டை, கைவளை எல்லாம் கழற்ற முடியாது என்று பாட்டிமார் அடம் பிடித்தால் டீச்சர் சண்டைக்குப் போவதில்லை, "அப்படின்னா எல்லா மாசமும் இதே நகையோடதான் வரணும் கேட்டியளா" என்று சொல்லி ரெஜிஸ்டரில் ஓரமாகக் குறித்துக்கொள்வார். அதுதான் சரியான வழி. மொத்த எடையில் நகை கலந்தாலும் மாதத்துக்கு மாதம் எவ்வளவு கூடியது என்ற கணக்கில் அது கலக்காது. ஒரே தராசு, ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே மாதிரி உடுப்பு. இந்த ஒழுங்கை எந்தச் செயலியும் தராது.

புள்ளி வைத்த பிறகு டீச்சர் போன மாதப் புள்ளியோடு அதை ஒரு கோட்டால் சேர்ப்பார். நான் எண்ணைக் கேட்டால் கோட்டைக் காட்டுவார். "எவ்வளவுன்னு பாக்காதீங்க, எங்க போவுதுன்னு பாருங்க" என்று அவர் சொன்னதுதான் இந்த ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. ஒரு புள்ளி எதையும் சொல்லாது. அட்டையில் அச்சடித்திருக்கிற வளைவுகளுக்கு இணையாகப் பிள்ளையின் கோடு ஏறினால், அது எந்த உயரத்தில் ஏறினாலும் நல்லது. கோடு படுத்துவிட்டால், பச்சைக்குள் இருந்தாலும் கேட்க வேண்டும். கீழே இறங்கினால் அன்றைக்கே கேட்க வேண்டும்.

இது எங்களுக்கே நேர்ந்தது. ஏழு மாதம் முடிந்தபோது மகள் 6.7 கிலோ, வழக்கம்போல 15-ஐ ஒட்டி. அடுத்த மாதம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு மாதம் முடிந்து எடை போட்டால் அதே 6.7. வீட்டில் எல்லோரும் "குறையலியே, அதே இருக்கே, தெய்வம் காத்துது" என்றார்கள். பச்சையில்தான் இருந்தாள். டீச்சர் மட்டும் பேனாவை எடுத்து அந்தப் படுத்த கோட்டின் மேல் இரண்டு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு, குழந்தை டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அந்த வயதில் எடை நின்றுவிட்டது என்றாலே வரிசையில் பின்னால் போய்விட்டாள் என்றுதான் பொருள், ஏனென்றால் மற்ற பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். செயலியில் போட்டுப் பார்த்தபோது 15 என்பது 8 ஆகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஓஆர்எஸ் கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்கவும், ஜிங்க் மருந்து 14 நாள் முடியும் வரை நிறுத்தாமல் கொடுக்கவும் சொன்னார், நோய் தீர்ந்த பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொன்னார். ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடிக் குறுக்கை, அதாவது கூழை, தண்ணியாக இல்லாமல் கரண்டியில் நிற்கிற பதத்தில் கிண்டி, தேங்காய் உருக்கெண்ணெய் ஒரு சின்னக் கரண்டி விட்டு, நடுவில் மட்டிப்பழம், மத்தியானம் பருப்பும் மீனும் முள் எடுத்து மசித்த சோறு, அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு. தாய்ப்பால் நிறுத்தவே இல்லை. ஒன்பதாம் மாதம் 7.1, பத்தாம் மாதம் 7.4. கோடு திரும்ப எழுந்து பழைய பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தப் படுத்த கோட்டை யாரும் கவனிக்காமல் இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன், அந்த டீச்சருக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டவள்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பவுடர் பாலுக்குப் போகிறார்கள். எடை ஏறும் வேகம் மாதத்துக்கு மாதம் குறையும், அது நோய் இல்லை. நடு வளைவில் இருக்கிற பெண் பிள்ளை பிறக்கும்போது 3.2, மூன்று மாதத்தில் 5.8. அதாவது முதல் மூன்று மாதத்தில் மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கும் மேலே. அதே பிள்ளை ஒன்பது மாதத்தில் 8.2, ஒரு வயதில் 8.9. இப்போது மாதத்துக்குக் கால் கிலோகூட முழுசாக இல்லை. தவழ்ந்து, பிடித்து நின்று, ஓயாமல் ஆடுகிற வயது, கன்னத்துச் சதை கொஞ்சம் வற்றும், கைகால் நீளும். "முன்னாடி எவ்வளவு கொழுகொழுன்னு இருந்துது, இப்ப வாடிப் போச்சே மக்களே, பாலு பத்தலியா?" என்று சொந்தத்தில் ஒரு பெரியம்மை வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்கிற அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் இருக்காது, மறுநாள் டின் வாங்க ஆள் போய்விடும். அட்டையைப் பார்த்தால் அச்சடித்த வளைவே ஆறு மாதத்துக்குப் பிறகு சாய்ந்துதான் போகிறது என்பது தெரியும். வளைவு சாய்கிறபோது பிள்ளையின் கோடும் அதோடு சேர்ந்து சாய்வது இயல்பு.

பிறந்த முதல் வாரமும் இப்படித்தான். என் மகள் 2.8-ல் பிறந்து, டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு 2.6 சொச்சம்தான் இருந்தாள். பிறந்த எடையில் 7லிருந்து 10 சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறைவது சாதாரணம், பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் குறைந்தாலோ இரண்டு வாரம் ஆகியும் திரும்பாவிட்டாலோ பால் குடிக்கிற முறையை நர்ஸோ டாக்டரோ உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது காசு கொடுத்து வாங்கிய தராசு. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி விலை, மார்த்தாண்டத்தில் ஒரு சர்ஜிகல் கடையில் கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே விலைதான் சொன்னார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வந்ததும் நான் செய்தது, பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பாக்கெட் ஒன்றை வைத்துப் பார்த்தேன், அப்புறம் மூன்றைச் சேர்த்து வைத்தேன், நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றி வைத்தேன். பாக்கெட் உறை எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சரியாகவே காட்டியது. பிள்ளை ஆடாமல் படுத்திருந்தால் எண் நிற்கிறது, கால் உதைத்தால் நிற்க ரொம்ப நேரம் எடுக்கிறது, ஆறு மாதத்துக்குப் பிறகு என் மகள் ஒரு நிமிஷம்கூட அதில் படுக்கவில்லை. தரையில் டைல்ஸ் மேல் வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, பாய் மேலோ மெத்தை மேலோ வைத்தால் எண் மாறிவிடுகிறது.

தராசில் தவறு இல்லை, தினமும் போடுவதில்தான் தொந்தரவு. முதல் மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஒரு வேளை பால் குடித்தாலே அதைவிடப் பல மடங்கு கூடும், ஒரு முறை வெளிக்குப் போனாலே எடை குறையும். அப்படியிருக்கையில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வளர்ந்தாளா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் எடை போட்டு அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் சொல்லியிருந்தால் தவிர, வாரம் ஒருமுறைக்கு மேல் அந்தத் தராசைத் தொடாதீர்கள், அதுவும் காலையில், பால் கொடுப்பதற்கு முன், உடுப்பில்லாமல். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்து பிறந்த பிள்ளை, பால் குடிப்பதில் சிரமம் உள்ள பிள்ளை, மலைப்பக்கமாகப் பேச்சிப்பாறை, பத்துகாணி போல ஆஸ்பத்திரிக்கு வந்து போகவே பாதி நாள் ஆகிற இடத்தில் இருக்கிறவர்கள், இவர்களுக்கு வீட்டில் ஒரு தராசு இருப்பது பிரயோஜனம்தான். மற்றவர்கள் இந்த ரூபாய்க்கு மீனும் முட்டையும் வாங்கி அம்மா சாப்பிடலாம். பெரியவர்கள் ஏறி நிற்கிற குளியலறைத் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அது 100 கிராம் கணக்கில்தான் காட்டும்.

செயலியில் நல்லது என்றால் கணக்குப் போடுகிற வேலை மிச்சம், படம் பெரிதாகத் தெரியும், கணவர் மஸ்கட்டில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால் இறக்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள், அது எந்த வரைபடத்தை வைத்துக் கணக்கிடுகிறது என்று. நாங்கள் முதலில் போட்ட செயலியில் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வரைபடமும் உலக சுகாதார நிறுவன வரைபடமும் தனித்தனியாக இருப்பது தெரிந்தது. சிடிசி வரைபடம் 2000-ல் வந்தது, அதற்காக அளந்த பிள்ளைகளில் பவுடர் பால் குடித்தவர்கள் நிறையப் பேர். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, அதற்குப் பிறகு பவுடர் பால் பிள்ளையைவிட மெதுவாக ஏறும். அதனால் சிடிசி வரைபடத்தில் போட்டால் நன்றாகவே வளர்கிற தாய்ப்பால் பிள்ளைகூட நான்கைந்து மாதத்துக்குப் பிறகு இறங்குவது போலக் காட்டும். அமெரிக்காவிலேயே 2010-க்குப் பிறகு இரண்டு வயது வரை உலக சுகாதார நிறுவன வரைபடத்தைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்களும் ஐந்து வயது வரை அதையேதான் சொல்கிறார்கள், ஐந்துக்கு மேல் 18 வயது வரைதான் அவர்களுடைய சொந்த 2015 வரைபடம். செயலியில் அந்த ஒரு இடத்தை மாற்றிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் அது அனுப்புகிற அறிவிப்புகளால் வருவது, அதை அணைத்துவிடுங்கள்.

நீளத்தையும் தலைச் சுற்றளவையும் வீட்டில் டேப் வைத்து அளந்து செயலியில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைப் படுக்க வைத்து நீளம் அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நேராக்கிப் பாதத்தில் பலகையைத் தள்ள. ஒன்பது மாதப் பெண் பிள்ளைக்கு நடு நீளம் 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவாக அளந்துவிட்டால் 50வது இடத்தில் இருக்கிறவள் 34-க்கு இறங்கிவிடுவாள். காலை மடக்கி உதைக்கிற பிள்ளையிடம் ஒரு சென்டிமீட்டர் தவறுவது ரொம்பச் சுலபம். எங்கள் அங்கன்வாடியிலும் இதுதான் குறை, எடையில் காட்டுகிற கவனம் நீளத்தில் இருப்பதில்லை, பிள்ளை அழுதால் விட்டுவிடுகிறார்கள். நான் நீளத்துக்குக் குழந்தை டாக்டரிடம் போகும்போது எழுதுவதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். நீளம் தெரிய வேண்டியது அவசியம்தான், ஏனென்றால் வயதுக்கு எடை குறைவாக இருக்கிற பிள்ளை குட்டையாக இருப்பதால் எடை குறைவா, நீளத்துக்கும் எடை பத்தாமல் மெலிந்து இருக்கிறதா என்பது அதை வைத்துத்தான் தெரியும், இரண்டும் வேறு வேறு.

என் மதினியின் மகன் எட்டு மாதத்திலேயே பிறந்தவன். அவனுடைய எடையை அட்டையில் பிறந்த தேதிப்படி போட்டுப் பார்த்து வீடே கலங்கிப் போயிருந்தது. குறைமாதப் பிள்ளைக்கு எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை அப்படி. டாக்டர் கழித்துப் போட்டுக் காட்டியதும் அவன் பச்சைக்குள் வந்துவிட்டான். நல்ல செயலிகளில் பிரசவத் தேதியைக் கொடுத்தால் இதைத் தானாகவே கணக்கிட்டுவிடும், இந்த ஒரு விஷயத்தில் செயலிக்குத்தான் முழு மார்க்.

இடம் மாறுவது எல்லாமே ஆபத்தும் இல்லை. பிறக்கும்போது உள்ள எடை கருப்பையில் கிடைத்த போஷாக்கைப் பொறுத்தது, அதன் பிறகு அப்பா அம்மாவின் உடல்வாகு வேலை செய்ய ஆரம்பிக்கும். பெரிதாகப் பிறந்த பிள்ளை மெல்ல நடுவுக்கு வருவதும், சின்னதாகப் பிறந்தது மேலே ஏறுவதும் முதல் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் சகஜம். ஆனால் குறுகிய காலத்தில் பெரிய பெர்சன்டைல் கோடுகளில் இரண்டைத் தாண்டிக் கீழே வந்தால், எடை ஏறாமல் கோடு படுத்துவிட்டால், மஞ்சளுக்குள் போனால், அல்லது எடை எப்படியிருந்தாலும் பிள்ளை சோர்ந்து, மூத்திரம் குறைந்து, பால் குடிக்க மறுத்தால் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள், அடுத்த மாத எடை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அட்டை இல்லாமல் போகாதீர்கள். ஒரு நாள் எடையை வைத்து டாக்டராலும் அதிகம் சொல்ல முடியாது. ஒரு தனியார் கிளினிக்கில் அட்டையைப் பார்க்காமலேயே "எடை கம்மி, பவுடர் பால் ஆரம்பிங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நான் அட்டையை விரித்து மேஜை மேல் வைத்த பிறகு அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அங்கன்வாடி பற்றிய மற்ற குறைகள் சின்னவை. எடை போடுகிற நாள் சில மாதம் சொல்லாமல் மாறிவிடும், டீச்சர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம், பிள்ளைகள் ஒன்று அழ ஒன்று அழ எல்லாம் அழும், சீக்கிரமாகப் போனால் நிதானமாகப் பார்ப்பார்கள். போனில் பதிவு ஏறாமல் டீச்சர் வாசலில் நின்று நெட்வொர்க் தேடுகிற நாட்களும் உண்டு, அட்டையில் கையால் புள்ளி வைத்து வாங்காமல் வந்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குப் பகல் நேரம் சிரமம்தான், பாட்டியிடம் அனுப்பினால் எடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். ஊசி போடப் போகிற 6, 10, 14 வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை போடச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் போடுவார்கள். ஆனால் புள்ளி வைக்கும்போது வாரக் கணக்கு மாதக் கணக்கு குழம்பக் கூடாது, 14 வாரம் என்பது மூன்று மாதமும் ஏறக்குறைய ஒரு வாரமும்தான், மூன்றரை மாதம் இல்லை.

செயலியில் தொடர்ந்து பதிவு செய்கிறவர்கள் இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை படுக்க வைத்து அளப்பார்கள், அதற்கு மேல் நிற்க வைத்து அளப்பார்கள். நிற்கும்போது அளவு 0.7 சென்டிமீட்டர் குறைவாகவே வரும், உலக சுகாதார நிறுவன வரைபடத்திலேயே இரண்டு வயதில் அதற்காக ஒரு சின்ன இறக்கம் போட்டிருக்கிறார்கள். செயலியில் நின்ற அளவா படுத்த அளவா என்று கேட்கும் இடத்தில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.